தொட்டுப் பார்க்கட்டுமே!

கல்பனா சாவ்லா விண்வெளிக்குப் போகுமுன் ஏறி இறங்கிப் பழகிய ஓடம் ஒன்று ஹூஸ்டனில் இருந்தது. பெரும்பாலும் பலகையால் செய்தது. இறக்கை கிடையாது, பறக்கவும் பறக்காது. 2011-ல் விண்ணோடப் பயணங்கள் நின்றதும், 2012-ல் அதைச் சியாட்டில் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பறந்து வந்த நிஜ ஓடங்களை வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். இதற்குள்ளோ பிள்ளைகள் போய் நிற்கலாம்!

நம்ம ஜி.டி. நாயுடுவை எடுத்துக் கொள்ளுங்களேன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டியே யந்திரம் படித்தார். அந்த வண்டியைக் கண்ணாடிக்குள் வைத்து, "தொடாதே" என்றிருந்தால்? 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்திருப்பாரா?

"பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரு வருஷத்தில் திருகாணிகூட மிஞ்சாது" என்கிறார் எங்க வீட்டுக்காரர். அதுவும் நியாயந்தானுங்க. பறந்த ஓடம் போனால் வராது. அதைப் பத்திரமாக வைக்கட்டும். பழகுவதற்கென்றே செய்ததைப் பூட்டி வைப்பானேன்?

கோவையில் கொடிசியா பக்கம் இருக்கும் அறிவியல் மையத்தில் பிள்ளைகள் தாங்களே அழுத்தி, திருகிப் பார்க்கிற சாமான்கள் உண்டு. லீவில் கூட்டிப் போங்கள். அரைநாளாவது வேண்டும், கையில் தண்ணீரும் கட்டுச்சோறும் இருக்கட்டும்.