வாசலில் நின்றவள் உள்ளே போனேன்

"அக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சமையல் வேண்டாம். எல்லாருமா பப்புக்குப் போய்ச் சாப்பிடலாம்."

என் தங்கை இப்படிச் சொன்னதும், பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

"பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு சாராயக் கடைக்கா? உனக்கென்னடி பைத்தியமா?" என்று கத்தியே விட்டேன்.

இது நடந்தது 2019-ம் வருடம் ஜூன் மாதம். அயர்லாந்து நாட்டுத் தலைநகரான டப்ளினில் நர்ஸாக இருக்கும் தங்கைக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தேன். பத்திய லேகியமும் பூண்டுக் குழம்புமாக நாற்பது நாள் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அவள் முகத்தில் தெளிவே இல்லை. சாயங்காலமானால் காரணமில்லாமல் கண் கலங்குவாள். வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் சுகாதார நர்ஸ், "தாயும் பிள்ளையும் கொஞ்சம் வெளியே போய் வாருங்கள். நாலு மனிதர்கள் முகத்தைப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தார். போவதற்கு இந்த இடம்தானா அகப்பட்டது?

என் பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் அப்பா குடித்தே போனவர். எனக்குப் பத்து வயசிருக்கும். "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று அம்மா என்னைப் பிராந்திக் கடைக்கு அனுப்புவாள். உள்ளே போகக் கூச்சம். வாசலில் நின்றபடியே, அப்பா கையில் எத்தனை கிளாஸ் மாறுகிறது என்று எண்ணுவேன். இரண்டு வரைக்கும் சிரித்த முகமாக வருவார். மூன்றைத் தாண்டினால் சோற்றுத் தட்டு பறக்கும். மூன்றாவதைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொல்லிவிட்டு, தங்கையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அப்போது அவளுக்கு மூன்று வயசு.

அப்படிப்பட்டவளையா பப்புக்குக் கூப்பிடுவது? "நீ வரலேன்னா நானும் போகலை" என்று அவள் முகம் வாடியது. சரி, அவளுக்காக என்று கிளம்பினேன்.

முதலில் போனது ஸ்டோனிபேட்டர் என்ற பேட்டையில் 'எல். மல்லிகன் குரோசர்' என்ற இடம். பெயரைக் கேட்டால் மளிகைக் கடை மாதிரி இருக்கிறதல்லவா? அந்தக் காலத்தில் அயர்லாந்தில் ஒரே கூரையின் கீழ் முன்பக்கம் தேயிலை, சர்க்கரை, மாவு விற்பார்களாம். பின்பக்கம் மது விற்பார்களாம். அந்தப் பழைய பெயரை அப்படியே வைத்திருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஆனால் வந்ததோ வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை! ஒரு பீடி, சிகரெட் நாற்றம் கிடையாது. 2004-ம் வருடம் மார்ச் 29-ந் தேதி முதல் அந்த நாட்டில் பப் உட்பட வேலை செய்யும் இடம் எதிலும் உள்ளே புகைபிடிக்கக் கூடாது. நாடு முழுவதற்குமாக இப்படிச் சட்டம் போட்டதில் உலகத்திலேயே முதல் நாடு அயர்லாந்துதானாம்.

பக்கத்து மேஜையில் ஒரு பாட்டி சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு பிள்ளைகள் உருளைக்கிழங்கு வறுவலுக்குச் சண்டை போட்டார்கள். பதினைந்து வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன்தான் பப்புக்குள் இருக்கலாம். அதுவும் இரவு 9 மணி வரைதான். மே முதல் செப்டம்பர் வரை நீண்ட பகல் என்பதால் 10 மணி வரை விடுகிறார்கள்.

தங்கைதான் விளக்கினாள். இந்த மாதிரி இடத்துக்குக் 'காஸ்ட்ரோ பப்' என்று பெயர். குடிக்கிறவர்களுக்குத் தொட்டுக்கொள்ள ஏதோ கொடுப்பது என்றில்லாமல், நல்ல சமையல்காரரை வைத்துச் சாப்பாட்டையே பிரதானமாக நடத்தும் பப். 1991-ல் லண்டனில் 'ஈகிள்' என்ற பப்பில்தான் இந்தப் பெயரே பிறந்ததாம். பிறகு அயர்லாந்திலும் பரவிவிட்டது.

மல்லிகனில் சாப்பாட்டுப் பட்டியலைப் பழைய புத்தக அட்டைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அயர்லாந்தின் பெயர்போன கின்னஸ் அங்கே இல்லை அப்போது. சின்னச் சின்ன மது ஆலைகளின் சரக்குத்தான். ஸ்காட்ச் எக் என்று ஒரு பண்டம். அவித்த முட்டையைக் கொத்துக்கறியில் பொதிந்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது. எங்களுக்குக் கறியில்லாமல் காய்கறியில் பொதிந்தது கிடைத்தது. நம் ஊர் முட்டை போண்டாவுக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! தங்கை டீ வாங்கிக்கொண்டாள். பால் கொடுக்கிற தாய் குடித்தால் அது தாய்ப்பாலிலும் இறங்கும் என்று நர்ஸான அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் குழந்தை அழுதபோது மூலையில் உட்கார்ந்து துப்பட்டாவால் மூடிப் பால் கொடுத்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொது இடத்தில் பால் கொடுக்கும் தாயை அங்கே யாரும் தடுக்கக் கூடாதாம்.

தங்கை வீட்டுக்காரர் மட்டும் ஒரு கிளாஸ் பீர் வாங்கினார். அங்கே 'பைண்ட்' என்றால் 568 மில்லி. 'கிளாஸ்' என்று கேட்டால் அதில் பாதி. அவர் பாதியைத்தான் வாங்கினார். அதற்கே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எண்ணாதேக்கா" என்றாள் தங்கை மெல்ல.

தூக்கிவாரிப் போட்டது. "எதை?" என்றேன் ஒன்றும் தெரியாதவள் போல.

"கட்டிலுக்கு அடியில என்னைத் தள்ளும்போது 'மூணு, மூணு'ன்னு சொல்லிக்கிட்டே தள்ளுவியே. எனக்கு நினைவிருக்கு."

நான் ஒன்றும் பேசவில்லை. அவள் சின்னக் குழந்தை, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்! அவர் அந்த ஒரு கிளாஸோடு எழுந்தார். பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தோம். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் அங்கே வண்டி ஓட்டுவது குற்றம். அதனால் பப்புக்குப் போகிற அன்று காரை எடுப்பதே இல்லை என்று வைத்திருக்கிறார்கள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் ஓரிடம் என்று ஆயிற்று. டப்ளினுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் சகோதரிகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

ஊர்ப் பழமை பார்க்க வேண்டுமானால் பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டில் உள்ள 'பிரேஸன் ஹெட்'. 1198-லிருந்து இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் அதற்கு வெகு காலம் பிந்தியது. முற்றத்தில் உட்கார்ந்து ஐரிஷ் ஸ்டூ சாப்பிடலாம். உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு ஆட்டுக்கறியைக் குழைய வேகவைப்பது இது. காரமே இருக்காது, மிளகுத்தூள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: 'கின்னஸ் ஸ்டூ' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் மாட்டுக்கறி, மதுவும் சேர்த்தது. உணவில் முட்டை, பால், மீன், கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள் 14-ல் எது இருந்தாலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்.

பாத் அவென்யூவில் இருக்கும் 'ஓல்ட் ஸ்பாட்' கொஞ்சம் நாகரிகமான இடம். மிஷெலின் வழிகாட்டியில் பெயர் வந்த பப். ஞாயிற்றுக்கிழமை வாட்டிய கறி, உருளைக்கிழங்கு, காய்கள் என்று முழுச் சாப்பாடு கிடைக்கும். முன்கூட்டியே மேஜைக்குச் சொல்லி வைப்பது நல்லது.

என் மனசில் நின்றது கிளாஸ்னெவினில் உள்ள கவனா பப். 1833-ல் தொடங்கி ஒரே குடும்பத்தார் நடத்துகிறார்கள். பெரிய இடுகாட்டை ஒட்டி இருப்பதால், குழி வெட்டுகிறவர்கள் வந்து குடித்த இடம் என்று 'கிரேவ்டிக்கர்ஸ்' என்றே எல்லாரும் சொல்கிறார்கள். டி.வி. கிடையாது, பாட்டுக் கிடையாது. மனிதர் பேச்சுச் சத்தம் மட்டும்தான். 'காடில்' என்ற டப்ளின் ஏழை வீட்டுக் குழம்புக்குப் பெயர் பெற்ற இடம். அதில் பன்றி இறைச்சி சேரும் என்பதால் நாங்கள் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டோம். அருகிலேயே தாவரவியல் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை; குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம்.

அங்கேதான் அந்த அம்மாளைச் சந்தித்தேன். எண்பது வயசிருக்கும். குழந்தையைக் கொஞ்ச வந்தவர் எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கை எனக்குச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் பெண்கள் இப்படிச் சரிசமமாக வந்து உட்கார முடியாதாம். பல பப்புகளில் 'ஸ்னக்' என்று கதவு போட்ட சின்ன அறை உண்டு. பெண்கள் அதற்குள் ஒளிந்தாற்போல் உட்கார வேண்டும். சிறு ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள். 1970-களில்கூடப் பெண்ணுக்கு முழு பைண்ட் தரமாட்டோம் என்ற இடங்கள் இருந்தன. நெல் மெக்காஃபர்ட்டி என்ற பெண் பத்திரிகையாளரும் தோழிகளுமாக ஒரு பப்பில் நுழைந்து, ஆளுக்கொரு பிராந்தி வாங்கிவிட்டுக் கடைசியில் ஒரு பைண்ட் கேட்டார்களாம். முடியாது என்றதும் காசு கொடுக்காமல் எழுந்து போனார்களாம்! 2000-ல் வந்த சம உரிமைச் சட்டத்துக்குப் பிறகு பெண் என்று சொல்லி மறுக்க முடியாது.

அந்த அம்மாள் கடைசியாக ஒன்று சொன்னார். "வெள்ளிக்கிழமை சம்பள நாள். காசு முழுக்கக் கரையுமுன்னே வாங்கிவிட வேண்டும் என்று என் அம்மா பப் வாசலில் நிற்பாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்த நாடாக இருந்தால் என்ன? அந்த வாசலில் நிற்பவர்கள் பெண்டாட்டியும் பிள்ளையும்தான். "எங்க அக்காவும் நின்னவதான்" என்று தங்கை சொன்னாள் போலிருக்கிறது. அந்த அம்மாள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

குடி நல்லது என்று சொல்ல இதை எழுதவில்லை. குடியால் கெட்ட குடும்பங்கள் அங்கேயும் ஏராளம். மலிவு விலையில் மது விற்கக் கூடாதென்று 2022 ஜனவரியில் அங்கே குறைந்தபட்ச விலையே நிர்ணயித்திருக்கிறார்கள். நான் கண்டது இவ்வளவுதான்: நல்ல வெளிச்சம், சுடச்சுடச் சாப்பாடு, பக்கத்திலேயே வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் என்று இருக்கிற இடத்தில் மனிதன் கொஞ்சம் மனிதனாக இருக்கிறான்.

எல்லா இடத்திலும் எனக்குப் பிடித்தது ஈஸ்ட் இல்லாத பழுப்பு நிற சோடா ரொட்டி. முழுக் கோதுமை மாவு 450 கிராம், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், கெட்டியான புளித்த மோர் சுமார் 400 மில்லி. அழுத்திப் பிசையாமல் சேர்த்து உருட்டி, மேலே கத்தியால் சிலுவை போல் கீறி, 200 டிகிரி சூட்டில் 40 நிமிஷம் வைக்க வேண்டும். அடியில் தட்டினால் வெற்றுப் பானை போல் சத்தம் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

ஊருக்குத் திரும்பியதும் அதைச் செய்து அம்மாவுக்குக் கொடுத்தேன். "பப்புல திங்கிறதாம்மா இது" என்றதும் கையை இழுத்துக்கொண்டாள். எல்லாக் கதையையும் சொன்னேன். "சின்னவ முகம் தெளிஞ்சுதா?" என்று கேட்டாள். "தெளிஞ்சுது" என்றேன். அப்புறம்தான் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள்.

கடைசி ஞாயிறன்று தங்கை வீட்டுக்காரர் எத்தனை கிளாஸ் குடித்தார் என்று கேட்கிறீர்களா? ஒன்று. எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கியது.