பொதிகையில் ஏறிய பைகள்

கல்யாணமான புதிதில் சென்னையிலிருந்து தென்காசிக்குப் போக எனக்கு ஒரு சின்னக் கைப்பை போதும். சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு அட்டை, அலுவலக அடையாள அட்டை, டிக்கெட், கொஞ்சம் பணம், படிக்கிறேனோ இல்லையோ ஒரு வார இதழ். பொதிகை எக்ஸ்பிரஸில் மேல் படுக்கையாகப் பார்த்துக் கேட்டு வாங்குவேன். எழும்பூரில் ஏறியதும் பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் ராஜபாளையத்தில்தான் விழிப்பு. வலப்பக்க ஜன்னலில் மலை தெரியும். ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகும் அதே ரயிலில்தான் போய் வந்துகொண்டிருக்கிறேன். மேல் படுக்கை மட்டும் போனது போனதுதான். கூடவே அந்தக் கைப்பையும்.

முதல் பை மாற்றம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது. கடையில் பையை எடுத்ததும் நான் பார்த்தது நிறத்தையோ ஜிப்பையோ இல்லை. மருத்துவமனை ஃபைல் மடங்காமல் உள்ளே போகிறதா என்றுதான் பார்த்தேன். ஸ்கேன் உறை சாதாரணத் தாளைவிடப் பெரியது. மடித்துக் கொண்டுபோனால் அடுத்த ஊர் டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மடிப்புக்கோட்டைப் பார்த்துவிட்டு நம்மையும் ஒரு பார்வை பார்ப்பார். அடுத்த நிபந்தனை, இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். ரயில் படியில் ஏறும்போது ஒரு கை கம்பியைப் பிடிக்கும், இன்னொரு கை சேலைக் கொசுவத்தைத் தூக்கும். பையைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஆகவே நீளப் பட்டை வைத்து குறுக்கே மாட்டிக்கொள்ளும் பை. உள்ளே ஃபைல், இரும்புச்சத்து மாத்திரை, உப்பு நார்த்தங்காய், வாந்திக்கு நாலு கவர், முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சை. விழுப்புரம் வருவதற்குள் அந்த எலுமிச்சை வாடிவிடும். இன்றைய கர்ப்பிணிகள் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண் தேவைப்படுகிறது.

தென்காசி ஸ்டேஷனில் அப்பா பையை வாங்கிக்கொண்டார். ஃபைலைத் தவிர எல்லாவற்றையும் அம்மா வெளியே எடுத்துப் போட்டாள். “இதெல்லாம் இங்க இல்லியாளா?” என்று கேட்டாள். இருந்தது. நார்த்தங்காய் அந்த வீட்டுப் பரணிலிருந்து வந்ததுதானே.

மகள் பிறந்து மூன்றாம் மாதம் சென்னைக்குத் திரும்பும்போது, வாங்கிய பையெல்லாம் தோற்றுப்போய் ஜவுளிக்கடைக் கட்டைப்பை வந்து சேர்ந்தது. தீபாவளிக்குத் துணி எடுத்தால் இலவசமாகத் தருவார்களே, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது, அதேதான். அதற்கு ஜிப் கிடையாது. அதுதான் அதன் பெருமை. இடது கையில் பிள்ளை கிடக்கும்போது வலது கை ஒன்றுதான் மிச்சம். ஒரு கையால் ஜிப்பை இழுத்தால் பையும் சேர்ந்துதான் வரும். வாய் திறந்த கட்டைப்பையில் கை நேரே உள்ளே போகும்.

அடுக்குவதற்கு என்று ஒரு முறை உண்டு, அம்மா சொல்லித் தந்தது. அடியில் மாற்றுச் சேலை. அதன்மேல் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணிகள், இரண்டாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக. துணியை ஒரு பக்கமாகச் சரித்துவிட்டு, மறுபக்கம் வெந்நீர் ஃபிளாஸ்க் சாயாமல் நிற்கும். பாலாடை ஒரு சின்ன டப்பாவில். ஈரத்துணிக்குத் தனியாக ஒரு கவர், அதை எப்போதும் வெளிப்பக்கமாகக் கட்டித் தொங்கவிட வேண்டும், உள்ளே வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காய்ந்த துணியும் ஒரு துண்டும். இருட்டில், விளக்கைப் போட்டு எதிர்ப் படுக்கைக்காரரை எழுப்பாமல், தொட்டுப் பார்த்தே எடுக்கலாம். மதுரை வருவதற்குள் மூன்று தரம் அப்படி எடுத்திருக்கிறேன், கண்ணைத் திறக்காமலே. இந்த அடுக்கில் ஒரே குறை, பர்ஸ் எங்கோ அடியில் போய்விடும். டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றால் ஐந்து நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். பெரும்பாலானவர்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டு, “திரும்பி வரும்போது பார்த்துக்கிறேம்மா” என்று நகர்ந்துவிடுவார்கள்.

பால் கொடுக்க ஒரு சால்வையும் வேண்டும். ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். பேருந்து நிலையத்தில் எந்தப் பக்கம் திரும்புவது? என் மகன் பால் மறந்து ஓடியாடத் தொடங்கிய பிறகுதான், 2015-இல், தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். அதே ஆண்டு அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் பிள்ளைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகமும் தரத் தொடங்கினார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வந்ததைப் பிரித்துப் பார்த்தோம். துண்டு, சட்டை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம். போட்டு எடுத்துப் போக ஒரு பையும் இருந்தது. அந்தப் பட்டியலைப் போட்டவர் பிள்ளை வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆயிரம் யோசிக்கிறவர்களுக்கும் அந்தப் பை தோன்றாது.

ஜிப் இல்லாத பையின் அருமையைக் குற்றாலத்துக் குரங்குதான் முடித்துவைத்தது.

தென்காசிக்குப் போய்விட்டுச் சாரல் காலத்தில் குற்றாலம் போகாமல் வர முடியுமா? ஐந்து கிலோமீட்டர் சுற்றில்தான் இருக்கிறது. மகளுக்கு இரண்டரை வயது. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நான் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கரையில் கட்டைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, நிதானமாக வந்தது. ஓடவில்லை, பல்லைக் காட்டவில்லை. பையின் வாயை விரித்து, துண்டைத் தள்ளி, பால் பாட்டிலைத் தள்ளி, அடியில் இருந்த ரஸ்க் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனது. பர்ஸை எடுக்க நான் ஐந்து நிமிடம் துழாவுவேன் என்றேனே, அது ஐந்து நொடிகூட எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. “அதும் பிள்ளைக்காரிதானே, போட்டும்” என்றாள். மகள் மட்டும் ரஸ்க்குக்காகத் தென்காசி வரை அழுதாள். வழியில் ரம்புட்டான் வாங்கிக் கொடுத்துத்தான் அடக்கினோம்.

அடுத்த பை முதுகில் மாட்டுவது. கெட்டியான ஜிப், பல அறைகள். நடக்கத் தெரிந்த பிள்ளையோடு போகிறவளுக்கு இரண்டு கையும் வேண்டும், ஆனால் இம்முறை காரணம் வேறு: ஒரு கை பிடித்துக்கொள்ள, ஒரு கை துரத்திப் பிடிக்க. துணி பாதியாகக் குறைந்து, சாப்பாடு இரண்டு மடங்காகும். எண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி, எலுமிச்சைச் சாதம், காய்ச்சல் மருந்து, அதன் அளவு மூடி, ஓஆர்எஸ் பொட்டலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று இருக்கும் பொட்டலத்தைப் பாதி பாதியாகக் கலக்கக் கூடாது என்பதால் அளவு தெரிந்த ஒரு லிட்டர் பாட்டிலும் கூடவே வரும். 2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, ஈரத்துணிக்கு என்ன செய்வது என்று கொஞ்ச நாள் எல்லாத் தாய்மாரும் குழம்பினார்கள். நான் பழைய குடைத்துணியில் உறை தைத்துக்கொண்டேன். இன்றுவரை கிழியவில்லை.

இந்தப் பருவத்தில் பைக்குள் நாம் வைக்காதவையும் சேரும். சித்தாற்றுக் கூழாங்கல், மயிலிறகு, பரிசுச்சீட்டு மாதிரி பத்திரப்படுத்திய பேருந்து டிக்கெட், பாதி கடித்த பால்கோவா. சென்னைக்கு வந்து கவிழ்த்தால் முதலில் கல்தான் விழும். தூக்கிப் போட்டால் தேடுவார்கள். போடாவிட்டால் மறந்துவிடுவார்கள்.

என் ஆச்சியிடம் இருந்தது இடுப்பில் செருகும் ஒரு சுருக்குப்பை. வெற்றிலை, பாக்கு, சில்லறை. அதை வைத்துக்கொண்டு ஆறு பிள்ளைகளை வளர்த்தாள் என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெருமையில் சந்தேகம் உண்டு. ஆச்சி தென்காசியைத் தாண்டியதே குறைவு. தாண்டினாலும் ஓரகத்தி ஒரு பிள்ளையைத் தூக்குவாள், நாத்தனார் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொள்வாள், சோற்று மூட்டை ஒருவர் தலையில் வரும். ஆச்சி தனியே சுமக்காததால் அவள் பை சின்னதாக இருந்தது. அத்தனை பேரின் சுமையும் இன்று ஒரே தோளில் வந்து தொங்குகிறது. கடைக்காரர்கள் அதற்கு மேலும் நாலு பாக்கெட் தைத்து, தாய்மார்களுக்கான பை என்று இரண்டு மடங்கு விலை வைக்கிறார்கள்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பை லேசாகும் என்று நினைத்தேன். பிள்ளைகளின் சாமான் குறைந்தது உண்மைதான். அந்த இடத்தில் என் கணவரின் கூலிங் கிளாஸ், அவருடைய சார்ஜர், பைக் சாவி, அத்தையின் மூக்குக்கண்ணாடி, மகன் கழற்றிய வாட்ச். “அம்மா, இதப் பையில வை.” “ஏம்மா, இதையும் கொஞ்சம் வச்சுக்க.” எழும்பூர் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் எல்லாக் குடும்பமும் இப்படித்தான். முன்னால் கைவீசி நடக்கிற அப்பா, பின்னால் பிள்ளைகள், கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிற அம்மா. அப்பாக்கள் பெட்டி தூக்குவதில்லையா என்று கேட்பீர்கள். தூக்குகிறார்கள். பெட்டியைப் படுக்கைக்கு அடியில் தள்ளியதும் அவர்கள் வேலை முடிந்தது. பைக்காரிக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

2016 ஏப்ரலில் ரயில்வே ஒரு விதியை மாற்றியது. 5 வயது முடிந்து 12 வயது நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாமென்றால் பாதி. எல்லோரும் முணுமுணுத்தார்கள், நானும்தான். ஆனால் அதை வைத்தே வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். முழு டிக்கெட் எடுத்தவர்கள் முழு ஆள். அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். மகளுக்கு அது பிடித்துப்போயிற்று. அவளுடைய பை அவள் கண்ட்ரோலில் வந்துவிட்டது அல்லவா? அவள் அப்பாவுக்குத்தான் கொஞ்ச நாள் ஆனது. கூலிங் கிளாஸைச் சட்டைப்பையில் வைத்து உட்கார்ந்து உடைத்த பிறகு, ஒரு தோள்பை வாங்கிக்கொண்டார்.

2018 ஜூனில் செங்கோட்டை–புனலூர் பாதை அகலப்பாதையாகித் திறந்தது. 1904-இல் மீட்டர் கேஜாகப் போட்ட மலைப்பாதை. அந்த ஆண்டு விடுமுறையில் எல்லோரும் அதில் போனோம். ஆரியங்காவு தாண்டிக் குகைகள், பிறகு பதிமூன்று கண் பாலம். மகன் ஒவ்வொரு குகையிலும் கத்தினான். மகளுக்குப் பதினொரு வயது, ஜன்னலோரம் அமைதியாக இருந்தாள். என் பையில் அவளுக்காக ஒரு துணி உறை இருந்தது. இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, பழைய செய்தித்தாள், ஒரு சோப்புத்துண்டு. அவளுக்கு இன்னும் தொடங்கவில்லை. ஆனால் எங்கே தொடங்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு ஒரு கல்யாண வீட்டில் தொடங்கியது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அரைநாள் மாட்டுக்கொட்டிலில் நின்றேன். உறையைக் காட்டி, எதற்கு, எப்படி என்று அந்த ரயிலிலேயே சொன்னேன். கேட்டுவிட்டு, “இது என் பைல இருக்கட்டும்மா” என்று வாங்கிக்கொண்டாள். கடையில் நாப்கினைக் கறுப்புக் கவரில் சுற்றித் தருகிறார்களே, அந்த வழக்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இப்போது மகள் கல்லூரி விடுதியில். அவள் பை என் பழைய கைப்பை அளவுதான். போன், இயர்போன், ஏடிஎம் கார்டு, லிப் பாம். ஊக்கு மட்டும் என்னிடம்தான் கேட்பாள். மகன் பையில் என்ன இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதும் இந்த வயதுத் தாய்க்கு ஒரு வேலை. என் பையில் மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை. அம்மாவைச் சென்னைக்குக் கண் காட்ட அழைத்து வரும்போது மட்டும் அவள் ஃபைலும் சேரும். அவளுக்கு இப்போதும் யாராவது பையைத் தூக்கினால் பிடிக்காது. தன் வயர் கூடையைத் தானேதான் சுமப்பாள்.

பை வாங்கப் போகும் இளம் தாய்மார் என்னிடம் கேட்டால் நான் எந்த பிராண்டின் பெயரையும் சொல்ல மாட்டேன். பிள்ளை கைக்குழந்தையா, ஜிப் இல்லாத பை. நடக்கிறதா, முதுகுப்பை. பள்ளிக்குப் போகிறதா, அதற்கே ஒன்று. இவற்றுக்கு முன்னால், வீட்டில் இன்னொரு தோள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபைல், மருந்து, தண்ணீர் மூன்றையும் அதில் ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் கட்டுகிறவர்களுக்கு. பாலூட்டும் அறைக்குள் அப்பாக்கள் வர முடியாது, வரவும் கூடாது. ஆனால் பிள்ளைக்குத் துணி மாற்றும் பலகை அந்த அறைக்குள் மட்டும்தான் என்றால், அந்த வேலையும் பையும் காலத்துக்கும் அம்மாவுக்கே என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிறது. ஆண்கள் கழிப்பறையிலும் சுவரோடு ஒரு மடக்குப் பலகை, பக்கத்தில் பை மாட்ட ஒரு கொக்கி வையுங்கள். பெரிய செலவு ஒன்றுமில்லை.