கொக்குத் தீவுக்கு எதிரே ஒரு நடை

வேலை எடுப்பது, வீடு எடுப்பது, பத்திரம் நிரப்புவது பற்றியெல்லாம் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். நான் அவற்றில் கெட்டிக்காரன் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். பிளாஸ்ரிக் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்பவன். எனக்குத் தெரிந்தது நடப்பது. செலவில்லாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஆற்றங்கரைகளும் சதுப்பு நிலங்களும் இந்த ஊரில் இருக்கின்றன. புதிதாக வந்த குடும்பங்களுக்கு அதைச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

மொன்றியல் ஒரு தீவு. சிரிக்காதீர்கள், நான் 2017 இல் வந்தவன், இரண்டு வருடமாக இது எனக்குத் தெரியாது. பார்க் எக்ஸ்ரென்ஷனில் வீடு, நிலத்துக்குக் கீழே மெற்றோ, பிறகு பஸ், பிறகு தொழிற்சாலை. தண்ணீர் எங்கே தெரியப் போகிறது? ஒருநாள் மகள் பள்ளிக்கூடச் சுற்றுலா போய் வந்து, "அப்பா, மறே பார்த்தம்" என்றாள். பிரெஞ்சில் மறே என்றால் சதுப்பு நிலம். ஆமை பார்த்தாளாம், மரப்பாலத்தில் நடந்தாளாம், அப்பாவும் வந்து பார்க்க வேண்டுமாம்.

அந்த இடம் ஈல் பிசார் தீவில் உள்ள இயற்கைப் பூங்கா. டொலார்-டே-ஓர்மோவில் இருக்கும் எங்கள் முருகன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அது காரில் சிறு தூரம்தான். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, நண்பர் ஒருவரின் காரில் போனோம். காட்டுப் பாதையில் கொஞ்சத் தூரம் நடந்தால் மரங்கள் விலகி, சம்புப் புல்லும் தண்ணீருமாக ஒரு பெரிய வெளி வருகிறது. அதன் நடுவால் நீண்ட மரப்பாலம். தண்ணீர் இடுப்பளவுகூட இராது. மகள் ஓடிப் போய்விட்டாள். நான் முதல் பலகையில் கால் வைத்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

நான் முல்லைத்தீவுப் பக்கம். நந்திக்கடல் எங்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி. மாரி முடிந்த காலத்தில் அப்பப்பாவோடு இறால் பிடிக்கப் போவேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போனால், கடல் நீரில் எரியும் விளக்கைப் பார்த்துவிட்டு அந்தக் கரையில்தான் விளையாடுவோம். அதே தண்ணீரில் 2009 ஏப்ரலில் புதுமாத்தளனிலிருந்து சனத்தோடு சனமாக இறங்கினோம். எனக்குப் பதினேழு வயது. தம்பி என் தோளில். இறங்கியவர்கள் எல்லோரும் அக்கரை ஏறவில்லை. இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. வாசிக்கிறவர்களில் பலருக்கு என்னைவிடக் கூடத் தெரியும்.

"அப்பா, பலகை உடையாது, வாங்கோ" என்று மகள் தூரத்தில் நின்று கூப்பிட்டாள். கால் வலிக்கிறது என்று பொய் சொல்லித் திரும்பிவிட்டேன். காரில் அவள் என்னோடு பேசவில்லை.

பிறகுதான் நான் வேறு ஒரு கரையில் நடக்கத் தொடங்கினேன். பச்சை நிற மெற்றோ வழியின் கடைசித் தரிப்பு அங்கிரிஞோன். அங்கேயிருந்து பஸ் எடுத்து, லசாலில் உள்ள றப்பிட் பூங்காவுக்குப் போகலாம். சாரதியிடம் "பார்க் டே றப்பிட்" என்று கேட்டால் போதும். இறங்கியதும் காதில் விழுவது இரைச்சல். சென் லோரன்ஸ் நதி அங்கே பாறைகளில் மோதி, வெள்ளையாகப் பொங்கிப் பாய்கிறது. ஊர்க் களப்பு சத்தம் போடாது, அசையாது. இது நேர் எதிர். அதனால்தானோ என்னவோ, எனக்கு அங்கே பயம் வரவில்லை.

கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் ஒரு நிலத்துண்டில் நடைபாதை போகிறது. அது 1890களில் மின்சாரம் எடுக்கக் கட்டிய அணையின் மிச்சம். ஒரு பக்கம் ஆறு உறும, மறுபக்கம் நாணலும் தாமரை இலை போன்ற இலைகளுமாக அசையாத குட்டைகள். அந்தக் குட்டையோரத்தில்தான் கொக்கு நிற்கும். சாம்பல் நீல நிறம், நாலடி உயரம் வரும். ஆற்றின் நடுவில் தெரியும் தீவின் பெயரே கொக்குத் தீவு. அந்தப் பகுதி முழுவதும் வலசை வரும் பறவைகளுக்கான சரணாலயம். தோளில் சிவப்புப் பொட்டு வைத்த கருங்குருவியும் உண்டு. சித்திரை மாதத்தில் நாணல் தண்டில் இருந்து கத்தும். குளிர்காலத்திலும் அந்த வேகமான நீர் உறையாது. எல்லா இடமும் வெள்ளையாக விறைத்துக் கிடக்க, அங்கே மட்டும் வாத்துகள் நீந்திக்கொண்டிருக்கும்.

அங்கே ஒரு பழைய கதை உண்டு. 1611 இல் சாம்பிளேன் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆட்கள் இங்கே இருந்தபோது, லூயி என்ற இளைஞன் இரண்டு ஆதிக்குடி மக்களோடு சிறு வள்ளத்தில் அந்தத் தீவுக்குக் கொக்கு வேட்டைக்குப் போனான். பறவைகளை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு திரும்ப, வள்ளம் கவிழ்ந்தது. நீந்தத் தெரியாத லூயியும் மற்ற இருவரில் ஒருவரும் ஆற்றோடு போனார்கள். இந்த இடத்துக்கு லூயியின் பெயரைச் சேர்த்து நெடுங்காலம் அழைத்தார்கள். கூட இறந்தவரின் பெயரை ஆற்றுக்கு யாரும் வைக்கவில்லை. அக்கரையில் ககனவாகே என்ற மோஹாக் மக்களின் ஊர் இருக்கிறது. 1959 இல் திறந்த பெருங்கப்பல் வழிக்காக அவர்களுடைய ஆற்றங்கரைக் காணிகளை அரசாங்கம் எடுத்தது. கரையில் நின்று அந்தப் பக்கம் பார்க்கும்போது, காணி போனவர்களின் கதை எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்று நினைப்பேன்.

கப்பல் இந்தப் பாய்ச்சலைத் தாண்ட முடியாது என்பதால்தான் பக்கத்தில் லஷீன் கால்வாய் வெட்டினார்கள். 1825 இல் திறந்தது, 1970 இல் கப்பலுக்கு மூடினார்கள், 2002 இல் உல்லாசப் படகுகளுக்குத் திரும்பவும் திறந்தார்கள். வெட்டியவர்களில் பெரும்பங்கு அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கூலிகள். இன்று சுமார் 14 கிலோமீற்றர் நீளத்துக்குச் சமதரையான பாதை. குழந்தை வண்டில் தள்ளுகிறவர்களுக்கு இதுதான் வசதி. சைக்கிள்காரர் மட்டும் அம்பு மாதிரி வருவார்கள், பிள்ளையின் கையை விடாதீர்கள்.

சில விஷயங்கள் பட்டுத் தெரிந்தவை. கோடையிலும் நீளக் காற்சட்டையும் காலுறையும் போடுங்கள். புல்லில் இருக்கும் ஒருவகை உண்ணி கடித்து லைம் என்ற நோய் வரலாம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின்புறத்தையும் தலையையும் பாருங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் நச்சுக் கொடியைத் தொட்டால் தோல் பொங்கும். வாத்துக்குப் பாண் போடாதீர்கள், அவற்றுக்குக் கூடாது. என் மாமியார் குட்டையோரத்துக் கீரையைக் கண்டு மடியை விரித்துவிட்டார். பூங்காவில் எதையும் பிடுங்கக் கூடாது என்று சொல்லி நிறுத்த எனக்குப் பெரும்பாடு. மீன் பிடிக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். பங்குனியில் பனிக்கட்டி மேல் கால் வைக்கவே வேண்டாம். கரையோரம் உறுதியாகத் தெரிந்த கட்டி எனக்கு உடைந்து, முழங்கால் வரை நனைந்து, ஈரச் சப்பாத்தோடு அன்று இரவு வேலைக்குப் போனேன்.

ஒரு வருடம் அந்தக் கரையில் நடந்தேன். இரவு வேலை முடிந்து நித்திரை வராத காலைகளில் தனியாக, ஞாயிறுகளில் மகளோடு. பிறகு சென்ற ஆனியில் நானாகவே கேட்டேன், "மறேக்குப் போவமா?" என்று.

"கால் வலிக்காதா?" என்றாள்.

மரப்பாலத்தில் அவள் முன்னால், நான் பின்னால். நடுவில் ஓரிடத்தில் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். கலங்கல், அடியில் சேறு, சின்னச் சின்ன மீன். கை விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு இல்லை. சென் லோரன்ஸில் உப்பு ஏறுவது கியூபெக் நகரத்துக்கும் கீழே போன பிறகுதானாம். மகள்தான் சொன்னாள், வகுப்பில் படித்ததாம். இரண்டு ஆமைகள் ஒரு கட்டையில் வெயில் காய்ந்தன. நாங்கள் பாலத்தின் அந்தத் தலைப்புக்குப் போய், இருந்து, றொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். அவளுக்கு நந்திக்கடலைப் பற்றிச் சொன்னேன். இறால் பிடித்ததையும் விளக்கையும் மட்டும்தான். மற்றது அவள் வளர்ந்த பிறகு.

போன கிழமை மனைவியும் வந்தாள். இவ்வளவு காலமும் "இஞ்சாருங்கோ, இந்த நடைப் பைத்தியம் எப்ப தீரும்?" என்று கேட்டவள். பாலத்து ஓரத்தில் நின்ற கொக்கைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கட ஊர்க் கொக்கு இதிலும் பார்க்கச் சுறுக்கு. இது இண்டைக்கு மீன் பிடிக்காது." நாங்கள் திரும்பும் வரை அது பிடிக்கவில்லைத்தான்.