பங்களாவும் லயமும்

நானுஓயாவில் ரயிலை விட்டிறங்கும் பிரயாணி முதலில் தேடுவது கம்பளிச் சட்டையை. அடுத்தபடி தேடுவது தேநீரை. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை இன்று இம்மலைகளையெல்லாம் பச்சைப் போர்வையாக மூடியுள்ளது.

அட்டனைச் சூழ்ந்த தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில விடுதிகளாகிவிட்டன. கந்தப்பளையிலோ பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றே 1996 முதல் ஓட்டலாக விளங்குகிறது. மரத்தளமும் கணப்பும் அழகுதாம், மறுப்பதற்கில்லை. ஆயினும், உயர்தரப் பங்களாக்கள் சிலவற்றின் ஓரிரவு வாடகை, கொழுந்து பறிக்கும் பெண்ணின் மாத வருமானத்தையும் விஞ்சும். 2024இல் அவர்தம் நாட்சம்பளம் 1,350 ரூபாயென நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் குறித்த எடைக்குப் பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அவர் உறங்கப் போவதோ, பல குடும்பங்களுக்கு இன்றும் கதியாயுள்ள லயத்துக் காம்பராவில்.

தலவாக்கலைக்கு அண்மையில், சாலையோரச் சரிவிலே வெளிநாட்டார் சிலர் படம் பிடித்துக்கொண்டிருக்கக் கண்டோம். கூடையைச் சாய்க்கும்படியும் சிரிக்கும்படியும் வழிகாட்டி ஓர் அம்மாளைப் பணித்தார். கால்மணி நேரம் கழிந்தது.

"ஐயா, நிறுவைக்கு நேரமாச்சு, இன்னும் ரெண்டு கிலோ கொறையுது."

வழிகாட்டி அதனை மொழிபெயர்த்தாரில்லை. பிரயாணி நோட்டொன்றை நீட்டினார். நல்ல மனிதர்தாம், அந்தக் கால்மணியின் விலை அவருக்குத் தெரிய வழியில்லை. அம்மாள் நோட்டை மடித்து இடுப்பிலே செருகியபடி தம் நிரைக்கு விரைந்தார். மற்றவர்கள் அதற்குள் வெகுதூரம் மேலேறியிருந்தனர்.