பெயர் சொன்னது யார்?

“மாடு இரண்டும் மாண்டது மந்திரத்தால்! வைத்தவள் அவளேதான்!”

ஊர் பேசிற்று. அவிநாசிக்கு வடக்கே, கிளுவை வேலி இருமருங்கும் நிற்க, இட்டேரி வழியே நடந்தால் எட்டும் சிற்றூர் அது. பவானியின் நீரை மேட்டுக்கு ஏற்றி 1,045 குளங்குட்டைகளுக்குக் கொணரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட வட்டாரம். நீர் மேடேறிய இதே மண்ணில்தான், மாட்டுத் தொழுவத்தைத் தோண்டிச் செப்புத்தகடு ஒன்றை எடுத்து, “இதுவே செய்வினை!” என்று காட்டினான் ஒருவன். கண்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர்.

அவ்வூரிலே நாம் வாழ்கிறோம். நாள்தோறும் பேருந்தேறிச் சென்று, பள்ளியொன்றில் வரலாறும் குடிமையியலும் கற்பிக்கிறோம். கல்லூரியில் கலைப்பட்டம் பெற்றோம். படிப்பகத்தில் பகுத்தறிவு ஏடுகளைப் படித்தோம். மேடை கிடைத்தபோதெல்லாம் மூடநம்பிக்கையைச் சாடினோம். இத்தனை தகுதிகளையும் இங்கே அடுக்குவது பெருமைக்காக அல்ல. கதையின் பிற்பகுதியில் அவை நமக்கெதிரான சாட்சியாக வந்து நிற்கப் போகின்றன.

நடந்தது இது. சித்திரை மழைக்கு விதைத்த சோளம், அடுத்த மழை பொய்த்துவிடவே, முழங்கால் உயரத்தோடு வாடி நின்றது. உழவர் ஒருவரின் கறவைகள் இரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு அக்காட்டில் புகுந்து மேய்ந்தன. சிறிது நேரத்தில் மூச்சு முட்டி, நுரை தள்ளி, விழுந்து மாண்டன. கால்நடை மருத்துவர் வந்தபோது காலம் கடந்துவிட்டது. உடலை அறுத்து ஆராய்ந்தார், காரணம் சொன்னார். நீரின்றி வாடிய இளஞ்சோளத்தில் ஒரு பொருள் மிகுந்திருக்கும். மாட்டின் இரைப்பையில் அது ஹைட்ரோசயனிக் அமிலமாக மாறும். சயனைடு என்று நாம் கேள்விப்படும் நஞ்சின் இனம். உடனே ஊசி மருந்து செலுத்தினால் சில வேளை பிழைக்கும், தாமதித்தால் பிழைக்காது. இதைச் சொன்னதோடு, காப்பீட்டுக்காகச் சான்றும் எழுதிக் கொடுத்தார்.

மருத்துவர் சொல்லித்தான் தெரியவேண்டுமா? “வாடுன சோளக்காட்டுல மாட்ட விடாதே” என்று நம் பாட்டன்மார் பல தலைமுறையாகச் சொல்லிவரவில்லையா? அறிவு ஊரிலே இருந்தது. சான்று கையிலே இருந்தது. இருந்தும் மூன்றாம் நாள் அக்குடும்பம் கோடாங்கியிடம் போயிற்று.

உடுக்கை அதிர்ந்தது, திருநீறு பறந்தது, குறி பிறந்தது. உடனிருந்தவர் ஒருவர் வாயிலாக நாம் அறிந்த அக்குறியின் அழகைக் கேளுங்கள், தோழர்களே! “தெக்க இருந்து வந்த வினை… ஒரு பொம்பளைக் கை… உன் வாசலுக்கு வந்து, வயிறெரிஞ்சு போன கை…” அவ்வளவே. கோடாங்கி பெயர் சொல்லவில்லை. அவன் கெட்டிக்காரன், சொல்லவே மாட்டான்! எந்த ஊரில்தான் தெற்குத் திசை இல்லை? எந்த வாசலுக்குத்தான் ஒரு பெண் வந்து போகவில்லை? வெற்றிடம் ஒன்றை விட்டுவைத்தான், கேட்டவர்கள் நிரப்பினர்.

“முந்தாநேத்து மோரு கேட்டு வந்தாளே, இல்லைனு அனுப்புனமே!” என்றார் வீட்டுப் பெண்மணி. “இட்டேரியை அகலப்படுத்த விடாம வழக்குப் போட்டவ அவதானே!” என்றார் வீட்டுக்காரரின் தமையன். பெயர் பிறந்துவிட்டது! வழித்தட வழக்கில் சட்டத்தால் வெல்ல இயலாதவரைச் சூனியத்தால் வெல்ல ஒரு வாய்ப்பு. கோடாங்கிக்குக் கூலி கிடைத்தது. தமையனுக்குத் தடம் கிடைக்கும். சோளக்காட்டுப் பக்கம் மாட்டை அவிழ்த்துவிட்ட கவனக்குறைவுக்கு மன்னிப்பும் கிடைத்தது. தகடு எடுத்த வித்தையைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. மடியிலிருந்த தகடு குழிக்குள் போய்த் திரும்பி வருகிறது! கோவையை அடுத்த போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் மறைந்த பி. பிரேமானந்த், இத்தகைய ‘அற்புதங்களை’ ஊர் ஊராய்ச் செய்து காட்டி, செய்த விதத்தையும் சிறுவருக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் வாழ்ந்த ஊருக்கும் நம் ஊருக்கும் இடையே ஒரு நாள் பயணம்கூட இல்லை.

இதில் நம்மை வியக்க வைத்தது வேறொன்று. அதே உழவர், அதே வாரத்தில், மருத்துவர் தந்த சான்றை இணைத்துக் காப்பீட்டுத் தொகைக்கு விண்ணப்பித்தார்! அலுவலகத்திற்குச் சோள நஞ்சு, ஊருக்குச் செய்வினை! அறியாமையென்று இதனை எப்படி அழைப்பது?

அந்த மூதாட்டியை ஊரார் ‘ஆத்தா’ என்றே அழைப்பர். கணவரை இழந்தவர். கீரை விற்பவர். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறார்; மகள் வயிற்றுப் பேரன் ஆத்தாவிடம் வளர்ந்து, நம் பள்ளியில், நம் எட்டாம் வகுப்பில் படிக்கிறான்.

இனி நம் பங்குக்கு வருவோம்.

ஆசிரியர் அறையில் தேநீர் வேளை. “எங்கள் ஊரில் ஒரு சூனியக்காரி கிளம்பியிருக்கிறாள், தெரியுமா? ஒரு பார்வையில் இரண்டு மாடு!” என்று தொடங்கினோம். உடுக்கை ஒலியை வாயால் எழுப்பினோம். கோடாங்கியின் குரலில் குறி சொன்னோம். அனைவரும் சிரித்தனர். கேலிதான்! மடமையை எள்ளி நகையாடினோம் என்றே எண்ணினோம். அன்று காலைதான் கரும்பலகையில், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமையென்று 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டதை அழகிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தோம்.

சிரித்தவர்கள் வீட்டிற்குச் சென்று சொன்னார்கள். சொல்லும்போது சிரிப்பு வழியிலே உதிர்ந்துபோயிற்று. செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது. பத்தே நாளில் பையனருகே அமர எவரும் இல்லை. அவன் கொடுத்த கடலை மிட்டாயை ஒருவன் வாங்கி, முகர்ந்து பார்த்து, சன்னலுக்கு வெளியே எறிந்தான். மறுநாளிலிருந்து பையன் வரவில்லை.

தேடிப் போனோம். திண்ணையில் அமர்ந்து கீரைக்கட்டுக்கு வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தான். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு நெடுநேரம் பதில் இல்லை. பிறகு தலைநிமிராமலே கேட்டான்: “ஏனுங் சார், எங்க அம்மிச்சியச் சூனியக்காரின்னு நீங்களும் சொன்னீங்களாமுங்க?”

என்ன விடை சொல்வது? ‘கேலியாகச் சொன்னோம்’ என்றா? அந்தப் பிள்ளைக்குக் கேலியும் குற்றச்சாட்டும் ஒரே கல்லாகத்தான் வந்து விழுந்தன.

அவ்வளவுக்கு இது பெரிய செய்தியா என்று கேட்பாரும் உளர். பெரியதாக வளர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைப் பீகார் காட்டியிருக்கிறது. 2025 ஜூலை 6 இரவு, பூர்ணியா மாவட்டத்துத் தெத்காமா என்னும் ஊரில், ஒரே குடும்பத்தார் ஐவர் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். ஊரில் ஒரு குழந்தை நோயுற்று இறந்திருந்தது. பழி இக்குடும்பத்தின் மீது விழுந்தது. தப்பி ஓடியவன் 16 வயதுச் சிறுவன் ஒருவன். அவன் சொல்லித்தான் உலகம் அறிந்தது. இத்தனைக்கும் பீகாரில் இதற்கென 1999 முதலே சட்டம் உண்டு! ஒருத்தியைச் சூனியக்காரியென்று அடையாளம் காட்டினால் மூன்று மாதச் சிறையோ, 1,000 ரூபாய்த் தண்டமோ, இரண்டுமோ. சுட்டும் விரலுக்குச் சட்டம் இட்ட விலை அவ்வளவே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சூனியத்தைக் காரணமாகக் கொண்ட கொலைகள் 85 எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. கொல்லப்படாமல், ஊர் விலக்கத்தோடு உயிர் வாழ்வோருக்குக் கணக்கேது?

ஜார்க்கண்டின் சுட்னி மகதோ அவ்வாறு உயிர் தப்பியவர். 1995-இல் அண்டை வீட்டுப் பெண் நோயுற்றதற்கு இவர்மீது பழி சுமத்தினர், அடித்தனர், இழிவுபடுத்தினர். பிள்ளைகளோடு ஊரைவிட்டு வெளியேறியவர், பின்னாளில் தம்மைப் போன்ற பெண்களுக்கே புகலிடமாக நின்றார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. விருதை அரசு வழங்கிற்று. பழியை வழங்கியவர்கள் என்ன செய்தனர்? “குணி சொன்னான், நாங்கள் நம்பினோம்” என்பதே இத்தகைய ஊர்களின் வழக்கமான விடை.

இவ்விடையின் பழமையை அறிய, பெயரில் நம் சேலத்தைப் போலவே ஒலிக்கும் அமெரிக்கச் சேலத்திற்குச் செல்லவேண்டும். 1692. சிறுமியர் சிலருக்கு வலிப்பு. மருத்துவர் கண்டது தீய கை. முதலில் பிடிபட்டவர் மூவர்—ஓர் அடிமைப் பெண், ஓர் இரவலப் பெண், படுக்கையில் கிடந்த ஒரு பெண். எங்கும் அதே தேர்வு! மோர் கேட்டு வாசலுக்கு வருபவளே அங்கும் அகப்பட்டாள். அடங்குமுன் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கல்லேற்றி நசுக்கப்பட்டார். சிறையிலும் சிலர் மாண்டனர்.

பின்னர் ஊர் விழித்தது. பழி யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. பலரைக் குற்றம் சாட்டிய சிறுமியருள் ஒருத்தி ஆன் புட்னம்; வளர்ந்தபின் 1706-இல் திருச்சபையார் முன் மன்னிப்புக் கேட்டாள். கேட்டதே பெரிதுதான், ஆயினும் சாத்தானே தன்னை மயக்கியதாகச் சொன்னாள்! தலைமை நீதிபதி ஸ்டாட்டன் கடைசிவரை வருந்தவே இல்லை. சாமுவேல் சூவல் என்னும் நீதிபதி மட்டும், 1697-இல், பாஸ்டன் வழிபாட்டு மன்றத்தில், ஊரார் அமர்ந்திருக்க, தாம் எழுந்து நின்றார். அவர் எழுதித் தந்த ஒப்புதலைப் பாதிரியார் உரக்கப் படித்தார். பழியும் நாணமும் தமக்கே உரியன என்று அதில் எழுதியிருந்தார். வேறு எவரையும் அவர் துணைக்கு அழைக்கவில்லை.

கல்லூரியில் இதை ஐந்து மதிப்பெண் வினாவாகப் படித்தோம். திண்ணையில் பையன் கேட்டபோதுதான் பாடம் புரிந்தது. ஆன் புட்னத்துக்குச் சாத்தான். ஊராருக்குக் கோடாங்கி. பகுத்தறிவாளராகிய நமக்கோ ‘பாமரர் மடமை’! முகமில்லை, முகவரியில்லை, எவ்வளவு பழியை ஏற்றினாலும் முனகாது. கோடாங்கியை விட்டுவிடச் சொல்லவில்லை; அவன் புரட்டன். பெயர் சொன்ன தமையனையும் விடுவதற்கில்லை, அவர் ஆதாயக்காரர். சான்றைப் பெட்டியில் பூட்டிய உழவர் பொய்யர். இம்மூவர் பழியையும் கூட்டிப் பார்த்தோம். அதனால் நம் பழி ஒரு குன்றிமணி எடைகூடக் குறையவில்லை. நம்புகிறவன் சொன்னால் பாதிப்பேர் சந்தேகிப்பர். நம்பாதவன், அதிலும் வாத்தியார், சொன்னால்? “வாத்தியாரே சொன்னார்” என்ற முத்திரையோடு அல்லவா அது ஊர் சுற்றிற்று!

மறுநாள் ஆசிரியர் அறையில் சொன்னோம். சிலர், “இதற்கெல்லாமா!” என்றனர். எட்டாம் வகுப்பிலும் நின்று, இன்னது சொன்னோம், அது பொய், சொன்னது தவறு என்றோம். பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தனர். அமெரிக்காவில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவரும் அவர்தம் ஆசிரியையும் முயன்றதால், சேலம் வழக்குகளில் தண்டிக்கப்பட்டுப் பெயர் நீக்கப்படாதிருந்த எலிசபெத் ஜான்சன் 2022-இல் குற்றமற்றவரென அறிவிக்கப்பட்ட செய்தியையும் சொன்னோம். 300 ஆண்டு கழிந்து! “அதுவரைக்கும் யாருமே கேக்கலீங்களா சார்?” என்றாள் ஒரு சிறுமி.

மாலையில் ஆத்தாவிடம் சென்றோம். நீளமாகப் பேச ஆயத்தமாகித்தான் போனோம். பாதியிலே நிறுத்தினார்.

“அதெல்லாம் இருக்கட்டுங்க தம்பி. அந்த மாட்டு டாக்டரு எழுதிக் குடுத்த சீட்டு எங்கீங்க இருக்குது? எனக்கொண்ணு வாங்கிக் குடுங்க.”

மருத்துவரைக் கண்டோம். சான்று மாட்டுக்காரருக்கு உரியது, பிறருக்குத் தர இயலாது என்றார். ஆனால் தாமே வருவதாகச் சொன்னார். வந்தார். விடியற்காலை, பால் சங்கத்து வாசலில், கேனும் தூக்குமாக ஊர் வரிசையில் நிற்கையில், வாடிய சோளத்தட்டைக் கையில் பிடித்து, மாடு ஏன் சாகிறது, எப்படிக் காப்பது என்று பேசினார். எவர் பெயரையும் எடுக்கவில்லை. வரிசையின் கடைசியில் ஆத்தா நின்றிருந்தார். அவருக்கு மாடு கிடையாது. உழவர் வீட்டுப் பெண்மணி பாலை ஊற்றிவிட்டு, அவரைக் கடந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். தமையன் வரவே இல்லை. இட்டேரி வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

பையன் பள்ளிக்கு வருகிறான். அவன் பலகையில் இப்போது இருவர் அமர்கின்றனர். மூன்றாமவன், அப்பாவிடம் கேட்டுவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.