எமகண்டமும் மின்பாடமும்

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் வழியில் இருக்கிறது திருமலைராயன்பட்டினம். தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர் காளமேகப் புலவரால் தெரியும். 15-ஆம் நூற்றாண்டுக் கதை அது. திருமலைராயனின் அவையில் அதிமதுரகவியும் மற்றப் புலவர்களும் எதிரில் நிற்க, காளமேகம் எமகண்டம் பாடினார் என்பார்கள். கீழே நெருப்பு, மேலே தொங்கும் உறி, உடம்பைச் சுற்றிக் கத்திகள். கேட்கிற கேள்விக்கெல்லாம் உடனே பாட்டாகப் பதில் சொல்ல வேண்டும். தப்பினால் உயிர் போகும்!

இந்தக் கதைக்கும் மின்பாடம் தயாரிக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. புதிதாக மின்பாடம் செய்யத் தொடங்கும் பலர், தங்களை அறியாமலே ஒரு சின்ன எமகண்டத்தைத்தான் செய்து வைக்கிறார்கள். பாடம் கேள்வி கேட்கிறது. பையன் ஒரு விடையைக் கிளிக் செய்கிறான். சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, "தவறு, மீண்டும் முயல்க". அவ்வளவுதான். ஏன் தவறு? யாரும் சொல்வதில்லை. வகுப்பறையில் என்றால் டீச்சர் பக்கத்தில் வந்து விளக்குவார். வீட்டில் கைபேசியோடு தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சிவப்புக் குறிதான் டீச்சர்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மின்பாடம் தயாரிக்கும் மென்பொருள் என்றால் என்ன? எழுத்து, படம், ஒலி, கேள்வி ஆகியவற்றைச் சேர்த்து, படிப்பவர் தொட்டுப் பதில் சொல்லக்கூடிய பாடமாக மாற்றித் தரும் கருவி. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பவர்பாயிண்ட் தெரிந்தவருக்குப் பாதி வேலை தெரிந்த மாதிரிதான். காசு கொடுத்து வாங்குவதில் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன், அடோபி கேப்டிவேட் போன்றவை இருக்கின்றன. இலவசமாக வேண்டுமானால் நியூசிலாந்தில் பிறந்து இப்போது ஸ்பெயினில் வளர்க்கப்படும் எக்ஸிலேர்னிங் இருக்கிறது, நார்வேயில் 2013-இல் தொடங்கிய எச்5பி இருக்கிறது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த இரண்டே தாராளமாகப் போதும்.

முதல் நாள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கத்தை அப்படியே ஒட்டுவார்கள். பறந்து வரும் எழுத்து, பின்னணி இசை, சுழலும் பூ... கடைசியில் ஐந்து கேள்வி. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அது பக்கம் புரட்டும் புத்தகம்தான். புத்தகத்தால் முடியாத எது இந்தக் கருவியால் முடியும்? தவறான விடைக்குப் பதில் சொல்ல முடியும். அதற்காகத்தான் இந்தத் துறையே பிறந்தது.

அமெரிக்காவில் 1950களின் இறுதியில் நார்மன் க்ரௌடர் என்பவர் ஒருவகைப் புத்தகம் கொண்டுவந்தார். ஒரு கேள்விக்கு மூன்று விடைகள் என்றால், ஒவ்வொரு விடைக்கும் ஒரு பக்க எண் இருக்கும். தவறான விடையைத் தேர்ந்தால், போய்ச் சேரும் பக்கத்தில் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கும். படித்துவிட்டுத் திரும்பி வந்து வேறு விடை பார்க்க வேண்டும். கணினி இல்லாமலே இதைச் செய்தார்கள்! 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிக் கற்பித்தல் முறை தொடங்கியது. ஆசிரியர்களே பாடம் எழுதுவதற்காக 1967-இல் டியூட்டர் என்ற மொழி அதற்காக உருவானது. இன்றைய மென்பொருள்களுக்கு அது பாட்டன் முறை.

இப்போது பட்டினத்துக்கே திரும்பலாம். ஒருவர் முதல் மின்பாடத்தைக் காளமேகத்தின் சிலேடை பற்றிச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் பாட்டு ஒன்றை அவர் பாடியிருக்கிறார். இரண்டுக்கும் தோல் உரியும். இரண்டும் சிவன் தலையில் இடம் பெறும், பாம்பு அணியாக, பழம் அபிஷேகத்தில். பாம்பின் பல் பட்டால் மனிதன் தப்ப மாட்டான், மனிதன் பல் பட்டால் பழம் தப்பாது! பாடத்தின் கேள்வி: இந்தப் பாட்டில் உள்ள அணி எது? விடைகள் நான்கு: உவமை, மடக்கு, வஞ்சப்புகழ்ச்சி, சிலேடை.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியது இதுதான்: மற்ற மூன்றையும் ஒரு மாணவன் ஏன் தேர்ந்தெடுப்பான்?

உவமை என்பவன், இரண்டு பொருள்கள் வந்தாலே ஒப்பிடுதல் என்று நினைக்கிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியது: உவமையில் ஒன்று மற்றொன்றைப் போல இருக்கிறது என்று வரும். இங்கே அதே சொற்களைப் பாம்புக்கு ஒருமுறை, பழத்துக்கு ஒருமுறை பொருள் கொள்ளலாம்.

மடக்கு என்பவனுக்கு, ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது வரை சரியாகத் தெரிந்திருக்கிறது. பாதிதூரம் வந்துவிட்டான். மடக்கில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து வேறு பொருள் தரும், சிலேடையில் ஒரே முறை வந்து இரண்டு பொருள் தரும் என்று காட்டினால் போதும்.

வஞ்சப்புகழ்ச்சி என்பவன் உண்மையில் நன்றாகப் படித்தவன்! இகழ்வது போலப் புகழும் பாட்டுகளையும் காளமேகம் நிறையப் பாடியிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். பாட்டைப் பார்க்காமல் புலவரைப் பார்த்து விடை சொல்லிவிட்டான். அவனுக்கு "தவறு" என்று மட்டும் சொன்னால், தெரிந்ததும் தப்போ என்று குழம்பிப் போவான்.

மூன்று தவறுகள், மூன்று வெவ்வேறு மாணவர்கள். ஒரே சிவப்புக் குறி மூவருக்கும் எப்படிப் போதும்?

இந்தத் தாள் கையில் இருந்தால் மென்பொருள் வேலை அரை மணி நேரம்தான். எச்5பி-யில் பலவிடைத் தேர்வுக் கேள்வி ஒன்றைத் திறந்தால், ஒவ்வொரு விடைக்கும் கீழே குறிப்பும் பின்னூட்டமும் எழுத இடம் இருக்கும். அது மடித்து வைக்கப்பட்டிருப்பதால் புதியவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைத் திறந்து தாளில் உள்ளதை எழுத வேண்டும். க்ரௌடரின் புத்தகம் போலக் கிளை கிளையாகப் பிரியும் பாடம் வேண்டுமானால் அதற்கும் எச்5பி-யில் தனி வகை உண்டு. ஆனால் அது இரண்டாவது பாடத்துக்கு. முதல் பாடம் ஒரு பக்கம், மூன்று கேள்வி. அதற்கு மேல் வேண்டாம்.

தமிழில் செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால், செய்தவர் கணினியில் அழகாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகள் இருந்தால் மாற்றிவிட்டு ஒட்டுவது நல்லது.

முடித்ததும் பாடத்தை எப்படிச் சேமிப்பது? ஸ்கார்ம் என்ற பொது வடிவத்தில் வெளியெடுத்தால், மூடில் போன்ற எந்தக் கற்றல் தளத்திலும் ஏற்றலாம், மதிப்பெண்ணும் பதிவாகும். 2001-இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. தளம் எதுவும் இல்லாதவர்கள் எக்ஸிலேர்னிங்கில் வலைப்பக்கமாக வெளியெடுத்துக் கொடுக்கலாம். எதைச் செய்தாலும் திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வைத்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஆத்தர்வேரின் வளர்ச்சியை அடோபி 2007-இல் நிறுத்தியது. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கு ஆதரவும் முடிந்தது. ஃபிளாஷில் செய்த பாடங்கள் உலகம் முழுக்க ஒரே வீச்சில் ஊமையாயின. மூலக் கோப்பும் எழுதிய தாளும் இருந்தவர்கள் புதிய கருவியில் மறுபடி செய்துகொண்டார்கள். கருவி போனாலும் தாள் போகாது.

கடைசியாக ஒரு வேலை. பாடத்தை எங்கும் ஏற்றுவதற்கு முன், அந்தப் பாடம் தெரியாத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் தப்பாகத் தொடும் இடத்தில்தான் பாடத்தின் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. செய்தவர் எதிர்பார்க்காத காரணத்தால் அவர் தப்பு செய்தால் இன்னும் நல்லது. தாளில் ஒரு வரி கூடும்!

மென்பொருளைக் கற்க ஒரு வாரம் போதும், நண்பர்களே. பிள்ளைகள் எங்கே, ஏன் தவறுகிறார்கள் என்பதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது. அது வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நல்ல மின்பாடம் செய்ய முதல் மாணவன்தான் வேண்டும் என்பதில்லை. தட்டுத் தடுமாறிப் படித்தவர்கள் தைரியமாகத் தொடங்கலாம்.