மவுஸ் யார் கையில்?

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம், "ஹைடெக் லேப்ல இங்கிலீஷ் பாடம் எப்படிப் போகுது பாப்பா?" என்று கேட்டோம். "நல்லாத்தான்ணே போகுது. நான் இன்னும் மவுஸைத் தொட்டதில்ல" என்றாள்.

ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், சில நாள் நான்கு பேர். ஊர்ப் பிள்ளைகள் நாற்காலியில் இருப்பார்கள். காலனிப் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அப்படி நிற்கச் சொல்லி எந்த ஆசிரியரும் உத்தரவு போடவில்லை. மணி அடித்ததும் எல்லாம் தானாக அந்த வரிசைக்கு வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொன்னாள். ஒருநாள் அவளுக்கும் ஹெட்போன் கிடைத்திருக்கிறது. அவள் கழற்றி வைத்ததும் அடுத்த பிள்ளை அதைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டது. கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும்தானே துடைக்கிறார்கள் என்று நாங்களே சமாதானம் சொன்னோம். "எனக்கு முன்னாடி போட்டவங்களது எதையும் அது துடைக்கலண்ணே" என்றாள். எங்களிடம் பதில் இல்லை.

ராமேஸ்வரத்து வகுப்பறையில் உட்காரும் இடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பூணூல் போட்ட நண்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முஸ்லிம் சிறுவனைப் புதிதாக வந்த ஆசிரியர் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அந்தச் சிறுவன்தான் அப்துல் கலாம். தன் வாழ்க்கைக் கதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். நண்பனின் அப்பா கூப்பிட்டுக் கண்டித்த பிறகு அந்த ஆசிரியர் மாறினாராம். எங்கள் பிள்ளைகளுக்காக அப்படிக் கூப்பிட்டுக் கண்டிக்கும் செல்வாக்குள்ள பெரிய மனிதர் எவரும் இல்லை.

ஆங்கிலம் எதற்கு, தாய்மொழி போதாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் கான்வென்டில் படிக்கிறார்கள், அது போகட்டும். எங்களில் ஒருவர் மதுரையில் கல்லூரி சேர்ந்து முதல் செமஸ்டர் முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லை. பாடம் புரியாததால் அல்ல, சிரிப்பார்கள் என்ற பயத்தால். உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்துப் பாங்கா கிராமத்தில் 2010இல் சந்திரபான் பிரசாத்தும் தோழர்களும் 'ஆங்கில தேவி'க்குக் கோயில் கட்ட அடிக்கல் நாட்டினார்கள். தேவியின் ஒரு கையில் பேனா, மறு கையில் அரசியல் சட்டம், காலுக்குக் கீழே கம்ப்யூட்டர். கோயில் கட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைப் பீடமாக வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

எங்கள் வகுப்பில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அரசு கொடுத்த இலவச லேப்டாப். எங்களில் இருவர் 2011இல் பிளஸ் டூ படித்தோம். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் போலீஸ் சுட்டது. நம் ஆட்கள் செத்தார்கள். நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, லேப்டாப் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. எங்கள் கைக்கு வந்தபோது அதை வாங்குவதா வேண்டாமா என்று காலனியில் ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சு நடந்தது. வாங்கினோம். பேட்டரி செத்து வருஷக்கணக்கு ஆகிறது. பிளக்கில் செருகினால் இன்னும் ஓடுகிறது.

மீதியெல்லாம் போன்தான். 2018க்குப் பிறகு வந்த பாடப் புத்தகங்களில் கியூஆர் கோடு இருக்கிறது; ஸ்கேன் செய்தால் பாடம் வீடியோவாக ஓடும். ஆனால் அதற்கு நெட் வேண்டும், போனும் வீட்டில் இருக்க வேண்டும். அப்பா கடலுக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வேலைக்குப் போகிறவர்களின் போன் நாளெல்லாம் வீட்டில் கிடக்கும். அப்போது ரீசார்ஜுக்குக் காசிருக்காது.

அதனால் நெட் இல்லாமலும் ஓடும் 'ரீட் அலாங்' ஆப்பில் கதைகளை முன்கூட்டியே இறக்கி வைத்தோம். பிள்ளை சத்தமாக வாசித்தால் போன் கேட்கிறது, தடுக்கி நின்றால் சொல்லிக் கொடுக்கிறது. உச்சரிப்பை அது பல நேரம் தப்பாகத்தான் பிடிக்கிறது. 'ஃபிஷ்' என்ற சொல்லை நம் பிள்ளைகள் சொல்லும் விதத்தை அது ஒத்துக்கொள்ளவே இல்லை, மீனோடு பிறந்த பிள்ளைகளிடம்! ஆனாலும் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அதனிடம் வாசிக்கிறார்கள். காரணம் கேட்டோம். "அது சிரிக்காதுல்ல" என்றான் ஒரு பையன்.

மிஷினே எல்லாம் செய்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. காரைக்கால் பக்கம் காளிக்குப்பத்தில் சுகதா மித்ரா ஒரு சோதனை செய்தார். சுனாமி அடித்த கடலோர ஊர் அது. தமிழ் மட்டுமே பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடம் ஏற்றிய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு, ஆசிரியர் யாரும் இல்லாமல் விட்டார். சில மாதத்தில் மதிப்பெண் பூஜ்யத்திலிருந்து சுமார் 30 சதவீதத்துக்கு வந்தது. பிறகு, பாடம் எதுவும் தெரியாத, பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண் பின்னால் நின்று, "அட, இது எப்படிச் செஞ்ச?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மதிப்பெண் 50ஐ எட்டியது. உலகம் முழுக்க இதை மிஷினின் வெற்றியாகப் பேசுகிறார்கள். எங்களுக்கு அந்தப் பெண்தான் கண்ணில் படுகிறார். நம் பிள்ளைகளுக்குப் பின்னால் அப்படி நிற்க ஆளில்லை; அவர்களேதான் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

பள்ளிக்குப் போய்ப் பேசினோம். "இங்க சாதியெல்லாம் யாரும் பார்க்கிறதில்ல தம்பி" என்றார்கள், டீயும் கொடுத்தார்கள். சாதி பார்ப்பதாக நாங்கள் புகார் எழுதவில்லை. ஒரே ஒரு கோரிக்கைதான்: வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி மவுஸும் ஹெட்போனும் கைமாற வேண்டும், யார் கையில் எந்த நாள் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை எங்கள் வகுப்புப் பிள்ளைகளே ஆங்கிலத்தில், பழைய லேப்டாப்பில் அடித்தார்கள். மூன்று எழுத்துப்பிழை இருந்தது, திருத்தாமல் அப்படியே கொடுத்தோம். படித்துவிட்டு ஆங்கில ஆசிரியை மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வாரமே நோட்டுப் போட்டுவிட்டார்.

போன வியாழக்கிழமை அவள் முறை. சாயங்காலம் வந்ததும் கேட்டோம்.

"என் பேரை அடிச்சேன்ணே. இனிஷியல் போடுறதுக்குள்ள கரண்ட் போயிருச்சு."

மறுபடி அவள் முறை வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நோட்டைப் பார்த்து அவளே எண்ணி வைத்திருக்கிறாள்.